சட்டக் கல்லூரிக்கு இந்த வருடமே போடலாமா, பொறுத்துப் போடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஊர் தென்காசிப் பக்கம். கேட்பவர் பி.காம். கடைசி செமஸ்டரில் இருக்கிறார். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு இந்த வருடமே விண்ணப்பிப்பதா, இரண்டு வருடம் வேலை பார்த்துக் கொஞ்சம் காசு சேர்த்த பிறகு போவதா என்று குழப்பம். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ எழுதுகிறாள், அவளுக்கும் வக்கீல் ஆசை. அவள் நேராக ஐந்தாண்டுப் படிப்பில் சேர்வதா, ஒரு டிகிரி முடித்து மூன்றாண்டுக்கு வருவதா, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிப்பதா? அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. அந்த ஒரு வருமானம்தான்.

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். ஜூனியர்கள் வந்து போவதைப் பல வருடமாகப் பார்த்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுக்கு பிளஸ் டூ மார்க், மூன்றாண்டுக்கு டிகிரி மார்க். அதை வைத்துத் தரவரிசை, இட ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு, அவ்வளவுதான். அதாவது நீங்கள் இரண்டு வருடம் பொறுத்தாலும் உங்கள் பி.காம். மார்க் அதேதான். கிளாட் மாதிரி ஒரு தேர்வு என்றால் இன்னும் ஒரு வருடம் தயாராகி நல்ல ரேங்க் வாங்கலாம் என்று ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே அந்த நியாயம் இல்லை. கட்-ஆஃப் அடுத்த வருடம் குறையும் என்று நம்பிக் காத்திருப்பதும் வீண். அந்த வருடம் எத்தனை பேர் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

ஆக, காத்திருப்பதற்கு உருப்படியான காரணம் பணம் ஒன்றுதான். அதிலும் கல்லூரிப் பணம் இல்லை. அரசு சட்டக் கல்லூரிக் கட்டணம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. திருநெல்வேலியில் இடம் கிடைத்தால் பஸ் பாஸ் போதும், மதுரை என்றால் விடுதிச் செலவு சேரும். நான் சொல்லும் பணம் டிகிரி வாங்கின மறுநாளிலிருந்து ஆரம்பிப்பது. பலர் கணக்கை மூன்று வருடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான கணக்கு ஐந்து வருடம், சிலருக்கு ஆறு.

ஏன் என்று கேட்டால், ஒரு முதல் வருட ஜூனியரின் நாளைப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு சீனியர் ஆபீஸ். அன்றைக்கு எந்தெந்தக் கோர்ட்டில் என்னென்ன கேஸ் என்று டைரியைப் பார்த்துக் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். பத்தரைக்கு முன்சீஃப் கோர்ட்டில் ஒரு வாய்தா, அதே நேரத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு ஆஜர். ஒன்றில் ‘பாஸ் ஓவர்’, அதாவது கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று கேட்டுவிட்டு இன்னொன்றுக்கு ஓட வேண்டும். நடுவில் நகல் மனு போட வேண்டும், எதிர்த்தரப்புக்கு சம்மன் போக பேட்டா கட்ட வேண்டும், திருப்பி அனுப்பின மனுவில் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். சாயங்காலம் கட்சிக்காரர் வந்து கதை சொல்வார், அதை வழக்குரைக்கு ஆகிற மாதிரி எழுதிப் பழக வேண்டும். இதில் எதையும் கல்லூரியில் சொல்லித் தர மாட்டார்கள். குமாஸ்தாவிடம் கற்றுக்கொள்வதுதான் பாதி.

இதற்கு என்ன கிடைக்கும்? சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் ஒரு உத்தரவு போட்டது. சென்னை, மதுரை, கோவையில் தொழில் செய்யும் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று, வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான தமிழ்நாடு பார் கவுன்சிலைச் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. சுற்றறிக்கையும் வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் மாவட்டத்து ஆபீஸ்களில் அதை அப்படியே எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்து, எப்போதாவது ஒரு கேஸ் முடிந்தால் கையில் கொஞ்சம் வைக்கிற சீனியர்கள்தான் இன்னும் அதிகம். சொந்தமாக முதல் கேஸ் வருவது பெரும்பாலும் சொந்தக்காரர் வழியாக. ஒரு செக் மோசடி, ஒரு விபத்து இழப்பீடு, இல்லாவிட்டால் ஒரு ஜீவனாம்சம். விபத்து வழக்கு என்றால் பணம் வர வருடக்கணக்கில் ஆகும். செக் வழக்கில் எதிர்த்தரப்பு சம்மன் வாங்காமல் சுற்றவிடுவார். சொந்தக்காரரிடம் பீஸ் கேட்பது அதைவிடக் கஷ்டம்.

படிப்பு முடிந்தும் குறைந்தது இரண்டு வருடம் வீட்டிலிருந்து சாப்பாடு வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்: சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு நீங்கள் பெரிதாக எதுவும் கொண்டுவர மாட்டீர்கள் என்பதைக் கடை தாங்குமா? தாங்கும் என்றால் இந்த வருடமே போடுங்கள். தாங்காது என்றால் வேலைக்குப் போங்கள், ஆனால் எத்தனை வருடம், எவ்வளவு பணம் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். ‘கொஞ்ச நாள் பார்த்துட்டு’ என்று போனவர்களில் பலர் திரும்புவதில்லை. சம்பளம் ஏறும், வீட்டில் கல்யாணப் பேச்சு வரும், பைக் தவணை வரும், அப்புறம் படிப்பு ஆசை ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நினைவு வரும் சமாச்சாரமாகிவிடும்.

உங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. தங்கை இந்த வருடம் ஐந்தாண்டில் சேர்ந்து, நீங்களும் இந்த வருடமே மூன்றாண்டில் சேர்ந்தால், அவளுக்கு இரண்டு வருடம் முன்னால் நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். அவள் கறுப்புக் கோட்டுப் போடும்போது நீங்கள் இரண்டு வருடம் கோர்ட்டில் நின்றவர். ஏதோ நாலு கேஸ் கையில் இருக்கும், அவளை எந்த சீனியரிடம் விடலாம் என்றும் தெரிந்திருக்கும். மாறாக நீங்கள் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்தால் இரண்டு பேரும் ஒரே வருடம் வெளியே வருவீர்கள். ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் வருமானமில்லாத இரண்டு ஜூனியர்கள்! இரண்டு வருடச் சேமிப்பு அந்தச் சமயத்தில் எத்தனை மாதம் ஓடும் என்று போட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு ‘பொறுத்துப் போவது’ பாதுகாப்பான வழி மாதிரி தெரிந்தாலும், கணக்குப்படி அதுதான் இறுக்கமான வழி. அதனால் என் யோசனை: நீங்கள் இப்போதே.

வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பையும் முடித்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். எல்.எல்.பி. நேரில் போய்ப் படிக்க வேண்டிய படிப்பு. அகில இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் 70 சதவீத வருகை கேட்கின்றன. பக்கத்து மாநிலத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, பரீட்சைக்கு மட்டும் பஸ் ஏறுகிற வழக்கம் நம்மூரில் ரொம்ப நாளாக உண்டு. சென்னை உயர் நீதிமன்றமே அதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அகில இந்திய பார் கவுன்சில் எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையில், படிக்கும்போது வேலையில் இருந்தாரா, அதே சமயத்தில் வேறு முழுநேரப் படிப்பு படித்தாரா, குற்ற வழக்கு உண்டா என்றெல்லாம் மாணவரிடம் உறுதிமொழி வாங்கச் சொல்லியிருக்கிறது. பி.எஃப். கணக்கும் சம்பளச் சீட்டும் தேதியோடு பேசும் காலம் இது. மாலையில் இரண்டு மணி நேரம் டியூஷன் எடுப்பது, லீவில் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுவது என்பதெல்லாம் வேறு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

ஒருவேளை வீட்டு நிலைமை கட்டாயப்படுத்தி வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், எந்த வேலை என்பதைப் பார்த்துப் போங்கள். பி.காம். படித்தவருக்கு ஜி.எஸ்.டி. பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது, வங்கிக் கடன் வசூல் பிரிவு இருக்கிறது. சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்து எழுதும் வக்கீல் ஆபீஸில் எழுத்தராகக் கூடப் போகலாம். வில்லங்கச் சான்றை மேலிருந்து கீழே படித்து எந்த இடத்தில் உரிமைச் சங்கிலி அறுந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவன் சட்டக் கல்லூரிக்குள் போகும்போதே பாதி வக்கீல். டெலிவரி வேலையிலும் கால் சென்டரிலும் சம்பளம் கூட வரலாம், ஆனால் அந்த இரண்டு வருடம் வக்கீல் தொழிலுக்கு உதவாது.

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 2008 விதிகளில் ஐந்தாண்டுக்கு 20, மூன்றாண்டுக்கு 30 என்று வரம்பு வைத்தார்கள். கோர்ட்டில் இழுபறி நடந்து, இடையில் எடுத்துவிட்டு, 2016-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த 2016 சுற்றறிக்கைக்கு உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் தடை போட்டது. நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு வந்து படிப்பவர்கள் இப்போது எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆனாலும் சேரும் வருடத்துத் தகவல் கையேட்டில் அந்த வரியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வயது கணக்கில் வருவது வேறு இடத்தில். நீதிபதி ஆசை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் தங்கைக்கு இருக்கலாம். முன்பெல்லாம் படிப்பு முடித்த கையோடு சிவில் நீதிபதித் தேர்வு எழுதலாம். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, கீழ்நிலை நீதிபதி பதவிக்குக் குறைந்தது மூன்று வருடம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து அந்த மூன்று வருடத்தை எண்ணலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மாவட்ட நீதிபதி நேரடி நியமனம் என்றால் அரசியலமைப்பே ஏழு வருடம் கேட்கிறது. அந்தப் பாதையை நினைப்பவர்களுக்குப் படிப்புக்கு முன்னால் வீணாகும் ஒவ்வொரு வருடமும் நேராகப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். படிப்பு முடிந்ததும் பதிவைத் தள்ளிப்போடுவது அதைவிட மோசம். பதிவுக் கட்டணம் இப்போது ஒரு தடையில்லை. பல மாநிலங்களில் 15,000 முதல் 42,000 வரை வாங்கிக்கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நிறுத்தி, பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. பதிவு செய்த பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்று உண்டு. புத்தகம் படித்தவர்களுக்கு அது பெரிய மலையில்லை.

சரி, தங்கைக்கு வருவோம்.

ஐந்தாண்டு ஒரு பக்கம், மூன்றும் மூன்றும் ஆறு ஒரு பக்கம். வித்தியாசம் ஒரே ஒரு வருடம். இந்த ஒரு வருடத்துக்காக எந்தப் பெண்ணையும் நான் ஐந்தாண்டில் தள்ள மாட்டேன். பார்க்க வேண்டியது அவளுக்கு இந்த ஆசை எவ்வளவு உறுதி என்பதை. ஏனென்றால் ஐந்தாண்டுப் படிப்பில் நடுவில் இறங்க முடியாது. மூன்று வருடம் படித்தேன், அதற்கு ஒரு பி.ஏ. கொடுங்கள் என்றால் கொடுக்க மாட்டார்கள், விதியே அதைத் தடுக்கிறது. அதே மாதிரி, ஏற்கெனவே ஒரு டிகிரி இருக்கிறது, ஐந்தாண்டில் மூன்றாம் வருடத்தில் நேராகச் சேர்கிறேன் என்பதும் நடக்காது. டி.வி.யில் கோர்ட் சீன் பார்த்து வந்த ஆசையா, நிஜமா என்று தெரியாவிட்டால் மே மாத விடுமுறை வருவதற்குள் அவளை ஒரு வாரம் தென்காசி கோர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்க மாட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து காலை முழுக்க வாய்தா வாய்தா என்று கூப்பிடுவதைப் பார்க்கட்டும். ஒரு குறுக்கு விசாரணையாவது கண்ணில் படட்டும். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதி எப்படிப் பதிவு செய்கிறார் என்று கவனிக்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் ஐந்தாண்டு. ‘போர் அடிக்குது’ என்றால் ஒரு பி.காம். அல்லது பி.ஏ. படித்துக்கொண்டே யோசிக்கட்டும், கதவு எங்கேயும் போய்விடாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கதவு போகும். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால், 2021-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை இடம் உண்டு. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம் எல்லாவற்றோடும் சட்டமும் அதில் வருகிறது. இளநிலைச் சேர்க்கைக்கு, பள்ளிப் படிப்பை வைத்துக் கிடைக்கும் வாய்ப்பு அது. டிகிரி முடித்து மூன்றாண்டுக்கு வரும்போது அதை நம்ப முடியாது. அப்படி ஒரு தகுதி அவளுக்கு இருந்து, ஆசையும் உறுதி என்றால், யோசிக்காமல் இந்த வருடமே.

கிளாட் விஷயம் கொஞ்சம் மனதுக்குக் கஷ்டமானது. அந்தத் தேர்வு இப்போதெல்லாம் டிசம்பரில் நடக்கிறது. விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டில் திறந்து அக்டோபர், நவம்பரில் மூடிவிடும். அதாவது பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். நம்மூர்ப் பள்ளிகளில் ரிசல்ட் வந்த பிறகுதான் ‘அடுத்து என்ன’ என்று பேச ஆரம்பிப்பார்கள். அதற்குள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கலந்தாய்வே பாதி ஓடியிருக்கும். திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் கிளாட் வழியாகத்தான் போக வேண்டும் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. உங்கள் தங்கைக்கும் அந்த டிசம்பர் போய்விட்டது. இனி எழுதினால் அடுத்த வருடச் சேர்க்கைக்குத்தான்.

அதற்காக ஒரு வருடம் சும்மா இருந்து படிக்கலாமா? தேர்வு 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்பானால் கால் மார்க் போகும், முழுக்க ஆங்கிலம். நீளமான பத்திகளை வேகமாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆங்கிலச் செய்தித்தாளைத் தடுமாறாமல் படிக்கும் பெண், பயிற்சிக்கும் பணம் இருக்கிறது, அப்புறம் அங்கே சேர்ந்தால் வருடத்துக்கு லட்சங்களில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கும் வங்கிக் கடன் எடுக்கத் துணிவு இருக்கிறது என்றால் ஒரு வருடம் போடலாம். பெரிய கம்பெனிகளும் சட்ட நிறுவனங்களும் ஆள் எடுக்கப் போவது அங்கேதான், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் மளிகைக் கடை ஒன்றை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டில், தென்காசியிலோ மதுரையிலோ தொழில் செய்ய நினைக்கும் பெண்ணுக்கு அந்த வருடம் அவசியமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு ரொம்ப ஆசை என்றால் அரசுக் கல்லூரியில் சேர்ந்துகொண்டே டிசம்பரில் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். கிளாட்டுக்கும் வயது வரம்பு இல்லை. நல்ல ரேங்க் வந்தால் அப்போது முடிவு செய்யலாம், வராவிட்டால் ஒரு வருடம் கையை விட்டுப் போகவில்லை.

இனி விண்ணப்பம். ஐந்தாண்டுக்கு பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி மே மாதத்தில் திறக்கும், மூன்றாண்டுக்கு அதற்குப் பிறகு. தேதி வருடத்துக்கு வருடம் தள்ளும், பல்கலைக்கழக இணையதளத்தை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். தரவரிசைதான் என்பதால் முதல் நாள் போட்டவருக்குச் சலுகை ஏதும் இல்லை, ஆனால் கடைசி நாள் இரவில் உட்காராதீர்கள். சென்னையில் இருக்கும் சீர்மிகு சட்டப் பள்ளியின் ஹானர்ஸ் படிப்புகளுக்குத் தனி விண்ணப்பம், மற்ற அரசு சட்டக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் போட்டதாக நினைத்துக்கொண்டு இருப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

உங்களுக்கு இருக்கும் உண்மையான ஆபத்து பணமும் இல்லை, மார்க்கும் இல்லை, தாமதமாகும் ரிசல்ட். கடைசி செமஸ்டர் முடிவு வந்து, மொத்த மதிப்பெண் பட்டியலும் தற்காலிகச் சான்றும் கையில் இருந்தால்தான் நிம்மதி. ஒரு பேப்பர் அரியர் நின்றாலும் இந்த வருடம் கை நழுவும். அதனால் மார்ச் முடிவதற்குள் கல்லூரி ஆபீஸில் போய் உங்கள் பழைய செமஸ்டர் மார்க் ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா, ஃபீஸ் பாக்கி இருக்கிறதா என்று கேட்டுச் சரிசெய்யுங்கள். சாதிச் சான்று பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் டிஜிட்டல் சான்றுக்கு இப்போதே போட்டு வையுங்கள், ஜூன் மாதம் தாலுகா ஆபீஸில் நிற்க முடியாது. சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள், தங்கைக்கும் சேர்த்து.